சாரல் கொடுத்த கூடுதல் பலம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்களுக்கு ஊக்கம் கொடுக்கிற மாதிரி நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி மேலாளர் கேட்டிருக்கிறார். "பாசிட்டிவா இருக்கட்டும் மேடம், பிள்ளைங்க பயந்துரக் கூடாது" என்று இரண்டு முறை சொன்னார். இந்தச் சோதனைக்கூடத்தில் முப்பது வருடம் உலோகத்தை இழுத்தும் வளைத்தும் உடைத்தும் சம்பளம் வாங்கியவள் நான். உடைப்பதற்குச் சம்பளம் வாங்கியவளிடம் போய் ஊக்கம் கேட்கிற துணிச்சல் அவர் ஒருவருக்குத்தான் வரும். நீங்கள் பயப்படாமல் படியுங்கள். பயப்பட வேண்டிய இடம் வந்தால் நானே சொல்கிறேன்.

தென்காசியில் போய் வனேடியமா என்று உங்கள் வீட்டில் கேட்டிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். காவல்துறையில் இருந்த என் அண்ணன், தங்கச்சி மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தாள் என்றுதான் இன்றுவரை சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். திருத்தித் திருத்தி எனக்கும் அலுத்துவிட்டது. இலஞ்சி போகிற சாலையில் தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு தகரக் கூரை, அதற்குள் இத்தனை இயந்திரங்கள் என்றால் யார்தான் நம்புவார்கள்?

நம்முடைய அன்றாடப் பிழைப்பு லாரி ஸ்பிரிங் பட்டைதான். புளியறை வழியாக மலையேறுகிற லாரிகள், அளவுக்கு மேல் பாரம் ஏற்றிக்கொண்டு வளைவில் முனகும்போது, அந்தப் பாரத்தைத் தாங்குவது அடியில் இருக்கும் எஃகுப் பட்டைகள். அந்த எஃகில் வனேடியம் என்கிற உலோகம் ஒரு சிட்டிகை இருக்கிறது. சோற்றில் உப்பு மாதிரி. அந்தச் சிட்டிகைதான் பட்டையை அயராமல் வளையவும் நிமிரவும் வைக்கிறது. ஓட்டுநர்கள் அதற்கு நன்றி சொல்வதில்லை. முன்கண்ணாடியில் எழுதியிருக்கும் சாமி பெயருக்குத்தான் மொத்த நன்றியும் போகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு நேர்மாறான சரக்கைப் பற்றி. அதில் வனேடியம்தான் சோறு, மற்றதெல்லாம் உப்பு. சுத்தமான வனேடியம் சாதுவான உலோகம். சொன்னபடி வளையும், தட்டினால் தகடாகும். அந்தச் சாதுத்தனத்தை வைத்துக்கொண்டு பெரிய சூட்டில் ஒன்றும் செய்ய முடியாது என்பதால் அதில் நூற்றுக்கு நாலு பங்கு குரோமியமும் நாலு பங்கு டைட்டானியமும் சேர்க்கிறார்கள். குரோமியம் சூட்டிலும் தளராத உறுதியைக் கொடுக்கும். டைட்டானியம் வேறு ரகம். உள்ளே திருட்டுத்தனமாக நுழைகிற ஆக்சிஜன், நைட்ரஜன் அணுக்களைப் பிடித்து ஓரமாக உட்கார வைக்கும். இரண்டும் அளவோடு இருக்கும்வரை வனேடியம் பலசாலியாகவும் இருக்கும், சொன்ன பேச்சும் கேட்கும். ஒரே ஆளிடம் இந்த இரண்டு குணமும் சேர்ந்து இருப்பதை நான் இங்கே வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

அளவோடு என்று சொன்னேன் அல்லவா. அந்தச் சொல்லுக்கு நம் மேலாளருக்கு அர்த்தம் தெரிந்த நாளைப் பற்றி முதலில் சொல்கிறேன். அவர் அப்போது புதிது. நிர்வாகப் படிப்பு முடித்த கையோடு முதலாளியின் மருமகனாகவும் ஆகியிருந்தார். இரண்டும் ஒரே மாதத்தில் நடந்ததால் எந்தத் தகுதியில் மேலாளர் ஆனார் என்று எங்களுக்கு இன்னும் தெளிவில்லை. மின்பொறியில் சூடேறும் சின்ன வில் உலையில் கோலிக்குண்டு அளவு மாதிரிகளை உருக்கிக்கொண்டிருந்தோம். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தவர் கேட்டார்.

"மேடம், நாலு பெர்சென்ட் போட்டா பலம் கூடுதுன்னு சொல்லுதீங்க. அப்ப பன்னெண்டு போட்டா மூணு மடங்கு கூடும்லா? யாரும் ஏன் ட்ரை பண்ணல?"

உலகத்தில் இத்தனை ஆராய்ச்சியாளர்களுக்குத் தோன்றாதது இவருக்குத் தோன்றிவிட்டது. நான் மறுத்துப் பார்த்தேன். "பழைய ஆளுங்கல்லாம் இப்படித்தான் மேடம், புதுசா ஒண்ணு சொன்னா ஒத்துக்க மாட்டீங்க" என்றார். சரி, முதலாளி வீட்டு வனேடியம், முதலாளி வீட்டு மருமகன் என்று பன்னிரண்டும் பன்னிரண்டும் போட்டு உருக்கிக் கொடுத்தேன். கடினத்தன்மை அளக்கும் கருவியில் வைத்தோம். எண் எகிறியது. மேலாளர் கைதட்டினார். நான் அந்தக் குண்டை உருளைகளுக்கு நடுவே விட்டுத் தகடாக்கச் சொன்னேன். முதல் உருட்டிலேயே மாவு காய்ந்த அச்சு முறுக்கு மாதிரி நாலாகப் பிளந்து விழுந்தது. அன்று மத்தியானம் மேலாளர் சாப்பிடக் கீழே வரவில்லை.

எவ்வளவு பாரம் தாங்கும் என்பது ஒரு கேள்வி. உடைவதற்கு முன் கொஞ்சம் வளைந்து, நீண்டு, உங்களை எச்சரிக்குமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் வந்ததும் கைதட்டுகிறவர்களை இந்தத் தொழிலில் நிறையப் பார்ப்பீர்கள். அவர்களில் பலர் உங்களுக்கு மேலதிகாரியாக இருப்பார்கள். இதையெல்லாம் பெரிய அறிவாளி மாதிரி சொல்கிறேனே, நானும் அந்த வகைதான் என்று தெரிய வெகுநாள் ஆகவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வடக்கே இருக்கிற ஓர் ஆய்வு நிறுவனம் நமக்கு ஒரு வேலை கொடுத்திருந்தது. நாலும் நாலும் சேர்த்த வனேடியத் தகட்டில் விரல் நீளக் குப்பிகள் செய்து, மூடியை வெல்டிங் வைத்துத் தர வேண்டும். அவர்கள் அதற்குள் லித்தியத்தை உருக்கி, மாதக்கணக்கில் சூட்டிலேயே வைத்துப் பார்ப்பார்களாம். உருகிய லித்தியம் காற்றுப் பட்டால் எரியும், ஈரம் பட்டால் சீறும். வெல்டிங் விட்டுப்போனால் எதிரே நிற்பவர் கதி என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வெல்டிங் வைத்தது சாகுல் அண்ணாச்சி. உங்களில் சிலர் அவரைப் பார்த்திருப்பீர்கள். சவூதியில் இருபது வருடம் எண்ணெய்க் குழாய்களுக்கு வெல்டிங் வைத்துவிட்டு ஊர் திரும்பியவர். பேச்சு குறைவு, வேலை சுத்தம். அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு தகுதி அட்டை இருக்கும். எந்தெந்த உலோகத்தில் எந்தெந்த வேலை செய்ய அவர் தேர்ச்சி பெற்றவர் என்று அதில் முத்திரை குத்தியிருக்கும். வெல்டர்களுக்குப் பட்டம், சான்றிதழ், மரியாதை எல்லாம் அந்த அட்டைதான். அதில் ஒருமுறை "கவனக்குறைவு" என்று எழுதி ரத்து செய்துவிட்டால், அறுபதை நெருங்குகிற ஆளை இந்த வட்டாரத்தில் இரும்புக் கதவுக்கு வெல்டிங் வைக்கக்கூடக் கூப்பிட மாட்டார்கள்.

வனேடியத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சூடேறினால் காற்றிலிருக்கும் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் தண்ணீர் மாதிரி குடிக்கும். பெரிய ஆய்வகங்களில் இதற்கென்று கையுறை பொருத்திய மூடிய பெட்டி வைத்திருப்பார்கள். நம்மிடம் இருந்தது முதலாளியின் சிக்கனமும் ஓர் எஃகுத் தொட்டியும். ஆர்கான் வாயு காற்றைவிடக் கனம். தொட்டியின் அடியிலிருந்து மெல்ல விட்டால் தண்ணீர் தேங்குவது போல உள்ளே தேங்கி நிற்கும். அதற்குள் கையை விட்டு வேலை செய்யலாம். ஒரே நிபந்தனை, அறையில் காற்று அசையக் கூடாது. "வெல்டிங் நேரத்தில் மின்விசிறி போடாதே, சன்னல் திறக்காதே" என்று சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கிறதே, அது என் கையெழுத்து. அதற்குக் கீழே கோடு போட்டதும் நான்தான்.

அந்த வருடம் அருவிகளில் தண்ணீர் கொட்டுகிற சீசன் வர ரொம்பத் தாமதித்தது. ஆனி பாதி போயும் அருவியில் பாறைதான் தெரிந்தது. ஐந்தருவிப் பக்கம் கடை போட்டவர்கள் ரம்புட்டான் பழத்தை ஈ ஓட்டிக்கொண்டு விற்றார்கள். சன்னல் மூடிய அந்தத் தகரக் கொட்டகைக்குள் நாங்கள் அவிந்துகொண்டிருந்தோம். திங்கட்கிழமை மத்தியானம், சாகுல் அண்ணாச்சி தொட்டிக்குள் கையை விட்டு வேலை செய்துகொண்டிருக்கையில், மேற்கே மலை திடீரென்று இருண்டது. தென்னை ஓலை ஒரு மாதிரி புரண்டது. கூரையில் சரசரவென்று சத்தம். சாரல்.

தென்காசிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். முதல் சாரல் வந்தால் இந்த ஊரில் யாரும் யோசிப்பதில்லை. கை தானாகப் போய்ச் சன்னலைத் திறக்கும். வங்கியில் திறப்பார்கள், பள்ளிக்கூடத்தில் திறப்பார்கள், ஆஸ்பத்திரியில் நோயாளியே எழுந்து திறப்பார். நானும் திறந்தேன். நானே எழுதிய சிவப்பு எழுத்துக்கு அரை அடி தள்ளி இருக்கிற மேற்குச் சன்னலைத் தாழ் நீக்கி விரியத் திறந்து, முகத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். என்ன சுகம் தெரியுமா! இரண்டு மாதப் புழுக்கம் ஒரே மூச்சில் போனது. உலோகவியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவள், வாயைத் திறந்து சாரல் குடித்துக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து சாகுல் அண்ணாச்சி குரல் கேட்டது. முகத்தை மூடியிருந்த ஷீல்டைத் தூக்கிவிட்டுப் பேசினார்.

"மேடம், கலரு சரியில்லையே. வெள்ளி மாதிரி வரணும். இது மஞ்சளா ஓடுது."

நான் திரும்பி நடந்து போய்ப் பார்த்திருக்க வேண்டும். பார்த்த மாதிரி தலையை மட்டும் திருப்பினேன்.

"லேசாத்தான இருக்கு அண்ணாச்சி? ஓட்டுங்க, ஓட்டுங்க."

அவர் "சரி, நீங்க சொல்லுதீங்க" என்று ஷீல்டை இறக்கிக்கொண்டார். மூன்று குப்பிகளும் அவற்றோடு சேர்ந்த சோதனைத் துண்டுகளும் அந்தக் காற்றில்தான் முடிந்தன. சாரல் என் குறிப்பேட்டில் தெறித்த பிறகுதான் சன்னலைச் சாத்தினேன். குறிப்பேடு நனைந்துவிடக் கூடாதே என்கிற பொறுப்புணர்ச்சி.

செவ்வாய்க்கிழமை சோதனைத் துண்டை அளந்தோம். கடினத்தன்மை வழக்கத்தைவிட நிறையக் கூடுதல். இழுத்துப் பார்த்தோம், தாங்கிய பாரமும் கூடுதல். மேலாளர் திரையைப் படம் பிடித்து வாட்சப் குழுவில் போட்டார். "தகட்டைவிட வெல்டிங் பலம்! நம்ம சாகுல் அண்ணாச்சி கைராசி!" என்று எழுதி, தசை முறுக்கிய கை பொம்மை ஐந்து சேர்த்தார். முதலாளி பதிலுக்குப் பூச்செண்டு போட்டார். முறுக்குக் கதை இருவருக்கும் மறந்து போயிருந்தது.

எனக்கு மறக்கவில்லை. இழுவைச் சோதனைத் தாளில் இரண்டாவது வரி ஒன்று உண்டு. உடைவதற்கு முன் எவ்வளவு நீண்டது என்கிற வரி. நீளவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இந்தப் பலம் குரோமியம் கொடுத்ததில்லை, டைட்டானியம் கொடுத்ததில்லை. சன்னல் வழியாக வந்தது. காற்றைக் குடித்துக் குடித்து விறைத்துப் போயிருந்தது உலோகம். டைட்டானியமும் பாவம், எத்தனை பேரைத்தான் பிடித்து உட்கார வைக்கும்? காரணமில்லாமல் ஓர் எண் நல்லதாக மாறினால் நீங்கள் பயப்பட வேண்டும். முதலில் சொன்னேனே, பயப்பட வேண்டிய இடத்தை நானே சொல்கிறேன் என்று, அது இதுதான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். "நாளைக்கு வளைச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்று மட்டும் சொன்னேன். மேலாளருக்கு முகம் சுருங்கியது. வெள்ளிக்கிழமை குப்பிகளை வாங்கிப் போக அந்த ஆய்வு நிறுவனத்திலிருந்து ஆள் வருவதாக இருந்தது.

புதன்கிழமை சோதனைத் துண்டை வளைக்கிற கருவியில் வைத்தோம். நல்ல வெல்டிங் என்றால் லாடம் மாதிரி வளைந்து கொடுக்கும். இது வளைய ஆரம்பிக்கும் முன்பே டக்கென்று ஒரு சத்தம். ஒரு துண்டு தெறித்துப் போய்ச் சுவரோரம் விழுந்தது. வாட்சப் குழுவில் அன்று யாரும் படம் போடவில்லை.

மேலாளர் நேரே சாகுல் அண்ணாச்சியிடம் போனார்.

"என்ன அண்ணாச்சி இது? சவூதில இப்படித்தான் வெல்டிங் வச்சீங்களா?"

சாகுல் அண்ணாச்சி கீழே கிடந்த துண்டை எடுத்து அது உடைந்த பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு துண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தெரியல சார். கை தப்பிருக்கலாம்."

கை தப்பவில்லை என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் கை தப்பியிருக்கலாம் என்கிறார். இன்னொருத்தி, அதாவது உங்கள் மரியாதைக்குரிய மூத்த அதிகாரி, என்ன சொன்னாள் தெரியுமா? "ஆர்கான் சிலிண்டர் சுத்தமா இருந்துச்சான்னு பாத்திரலாம் சார்" என்றாள். சிலிண்டருக்கு வாயில்லை. அதற்குத் தகுதி அட்டையும் இல்லை. எனக்கு ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. இத்தனை வருடம் பேர் எடுத்துவிட்டுக் கடைசியில் சன்னல் திறந்தவள் என்று பேர் வாங்கப் பயமாக இருந்தது. இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது இருக்கிறதா என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

சிலிண்டரைச் சோதிக்க வழி எளிது. அதே சிலிண்டர், அதே தொட்டி, அதே ஆள், புதிய துண்டு. வியாழக்கிழமை காலையில் சன்னல்களைச் சாத்திக்கொண்டு சாகுல் அண்ணாச்சி மறுபடி வெல்டிங் வைத்தார். வெள்ளிக் காசு மாதிரி பளபளப்பு. வளைத்தோம், லாடமாக வளைந்தது. ஒரு கீறல் இல்லை. அவருடைய கைக்கு அதைவிட நல்ல சாட்சி யாராலும் கொடுக்க முடியாது என்று நினைத்து, அப்பாடா, யாரும் ஒன்றும் சொல்லாமலே தப்பித்துவிட்டார் என்று நான் மூச்சு விட்டேன்.

மேலாளர் மூளை என்னுடையதைவிட வேகம். "அப்ப சிலிண்டர் சரியாத்தான் இருக்கு. இன்னைக்கு இவ்வளவு நல்லா வைக்க முடியுதுன்னா திங்கக்கெழம அசட்டையா வச்சிருக்காரு. இல்லையா மேடம்?" என்றார். நன்றாக வேலை செய்ததே ஒரு மனிதனுக்கு எதிரான ஆதாரமாக மாறியதை அன்றுதான் பார்த்தேன். மத்தியானத்துக்குள் படிவம் அச்சடித்து வந்துவிட்டது. காரணம்: வெல்டரின் கவனக்குறைவு. நடவடிக்கை: தகுதி அட்டை ரத்து. சாகுல் அண்ணாச்சியை அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மேலாளர் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டினார். சாட்சிக் கையெழுத்து நான்.

சாகுல் அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதன் ஓரங்கள் வியர்வையில் ஊறி நைந்திருந்தன. பிறகு பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். அவர் கை பேனாவோடு அந்தப் பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் போகும்போதுதான் எனக்குக் குரல் வந்தது.

"பேனாவ வைங்க அண்ணாச்சி. சார், சன்னலத் தெறந்தது நான்."

"எந்தச் சன்னல்?"

"மேக்குச் சன்னல். திங்கக்கெழம சாரல் வந்தப்ப. தொட்டியில இருந்த ஆர்கான் அந்தக் காத்துல கலைஞ்சிருக்கு. கலரு மாறுதுன்னு அண்ணாச்சி அப்பவே சொன்னாரு. நாந்தான் ஓட்டுங்கன்னு சொன்னேன்."

மேலாளர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். குரலை இறக்கிக்கொண்டு, ரொம்பப் பரிவாகப் பேசினார்.

"மேடம், நீங்க பெரிய மனசோட சொல்லுதீங்க. ஆனா ரெக்கார்டுல வேண்டாமே. டெஸ்டிங் இன்சார்ஜே சன்னலத் தெறந்துட்டாங்கன்னா, இது வரைக்கும் நாம கொடுத்த ரிப்போர்ட்டு எதையாவது கஸ்டமர் நம்புவானா? வெல்டர்னா ஆள மாத்திட்டோம்னு ஒரு வரியில முடிச்சிரலாம். அண்ணாச்சிக்கு வேற ஏதாவது வேலை நாம பாத்துக் கொடுக்கலாம். கேட்ல உக்காரலாம்லா, என்ன அண்ணாச்சி?"

இருபது வருடம் எண்ணெய்க் குழாய்க்கு வெல்டிங் வைத்தவரைக் கேட்டில் உட்காரச் சொல்லுகிறார். எனக்கு அப்போது வந்த கோபத்தில் முக்கால்வாசி என் மேல். மீதியை மேலாளருக்குக் கொடுத்தேன். அந்தப் படிவத்தை எடுத்து இரண்டாகக் கிழித்து, "புதுசு ஒண்ணு எடுங்க சார், நான் எழுதுதேன்" என்றேன். எழுத விடவில்லை என்றால் நானே அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். தைரியம் என்று நினைக்காதீர்கள். மூன்று நாள் கழித்து வந்ததற்குப் பெயர் தைரியம் இல்லை.

புதிய படிவத்தை என் கையாலேயே நிரப்பினேன். காரணம், வெல்டிங் நேரத்தில் சோதனைப் பொறுப்பாளர் சன்னலைத் திறந்தது. தவறு கண்டறியப்பட்ட நாள், வியாழன். கண்டறிந்தவர் என்ற இடத்தில் என் பெயர். கையெழுத்துப் போட்டேன். சாகுல் அண்ணாச்சி அட்டையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். மேலாளர் அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டு, தொழில்நுட்பக் காரணங்களால் பத்து நாள் தாமதமாகும் என்றார். தொழில்நுட்பக் காரணங்கள் என்று ஒருமையில் இருந்த என்னைப் பன்மையில் சொன்னது அவருடைய பெருந்தன்மை.

வெளியே வந்தேன். சாகுல் அண்ணாச்சி தொட்டியைத் துணி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். மறைக்காமல் சொல்கிறேன், ஒரு நன்றியை எதிர்பார்த்துத்தான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். எட்டு மாதத்தில் ஓய்வுபெறப் போகிறவள் பேரைக் கெடுத்துக்கொண்டு அவரைக் காப்பாற்றியிருக்கிறேன் அல்லவா?

"சங்கடப்படாதீங்க அண்ணாச்சி. எல்லாஞ் சரியாயிட்டு" என்றேன்.

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. வழக்கமாக மேடம் என்பவர் அன்று அப்படிக் கூப்பிடவில்லை.

"எனக்கு முதுகுல காத்து பட்டுச்சு தங்கச்சி. சன்னல் தெறந்திருக்குன்னு எனக்குத் தெரியாதா? படிச்சவங்க தெறக்காங்க, ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன். கலரு மாறவும் கேட்டேன். ஓட்டுங்கன்னீங்க."

"அப்ப நேத்தே மேலாளர்ட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"நான் சொன்னா எப்படி இருக்கும்? தான் தப்பிக்கதுக்கு மேடத்த இழுத்து விடுதான்னுதான சொல்லுவாங்க. நீங்கதான் சொல்லணும். சொல்லுவீங்கன்னு செவ்வாக்கெழமலேருந்து ஒங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். நீங்க சிலிண்டரப் பாத்துக்கிட்டிருந்தீங்க."

அவ்வளவுதான் சொன்னார். குரல்கூட உயரவில்லை. துணியை உதறி மடித்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. யார் பார்த்தார்கள் என்று தெரியாது, பார்த்திருந்தாலும் பரவாயில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி மேலாளர் அறைக்குப் போனேன். படிவம் கோப்புக்குள் போய்விட்டிருந்தது. வாங்கி, இரண்டு இடத்தில் அடித்தேன். கண்டறியப்பட்ட நாள் என்பதில் வியாழனை அடித்துவிட்டுத் திங்கள் என்று எழுதினேன். கண்டறிந்தவர் என்பதில் என் பெயரை அடித்துவிட்டு, வெல்டர் சாகுல் என்று எழுதினேன். இரண்டு அடித்தலுக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மேலாளர் எட்டிப் பார்த்துப் படித்தார். "மேடம், இப்படி எழுதுனா வெல்டர் அன்னைக்கே கண்டுபிடிச்சுச் சொல்லிட்டாரு, நீங்க கேக்காம விட்டுட்டு மூணு நாளு சும்மா இருந்தீங்கன்னு ஆயிருதே?" என்றார்.

"ஆமா சார். அப்படித்தான் நடந்துச்சு" என்றேன்.